டோக்கன் வருமுன் பட்டியல்: குடியிருப்பு மக்களே கணக்கெடுப்பு நடத்துவது எப்படி

சென்னையில் ஆற்றோரத்திலோ கால்வாய் ஓரத்திலோ முப்பது வருடமாகக் குடியிருக்கும் குடும்பத்துக்கு வீடு கிடைக்குமா, கிடைத்தால் எங்கே என்பது பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியலில்தான் முடிவாகிறது. வருவாய்த் துறை, மாநகராட்சி, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மூன்று தரப்பு ஆட்கள் ஒருநாள் வந்து வீட்டுக்கு வீடு பெயர் எழுதிக் கைரேகை வாங்கி டோக்கன் கொடுத்துவிட்டுப் போவார்கள். அன்று வேலைக்குப் போயிருந்தவர், ஆஸ்பத்திரியில் இருந்தவர், ஒரே வாசலுக்குள் தனியாக அடுப்பு வைத்திருந்த மகன், வாடகைக்கு இருந்தவர் எல்லோரும் விடுபட்டுப்போவார்கள். பிறகு எத்தனை மனு எழுதினாலும் "சர்வேயில் உங்கள் பெயர் இல்லையே" என்ற பதில்தான் வரும்.

இதற்கு ஒரே மாற்று, அவர்கள் வருவதற்கு முன்பே நம்மிடம் ஒரு பட்டியல் இருப்பது. இது புதிய யோசனையும் அல்ல. 1985-இல் பம்பாய் பைகுல்லா பக்கத்து நடைபாதைவாசிகள் ஸ்பார்க் என்ற அமைப்போடு சேர்ந்து தங்களைத் தாங்களே எண்ணினார்கள். சுமார் 6,000 குடும்பங்கள். அதுவரை எந்த அரசுக் கணக்கிலும் வராதவர்கள். 2003-இல் தாய்லாந்தில் தொடங்கிய பான் மன்கோங் திட்டத்திலும் மக்கள் தங்கள் பகுதியைத் தாங்களே அளந்து வரைபடம் போடுவதும் சேமிப்புக் குழு அமைப்பதும்தான் ஆரம்ப வேலை. வீட்டு வரைபடமெல்லாம் அதற்குப் பிறகு.

இருநூறு, இருநூற்றைம்பது வீடுகள் கொண்ட சென்னைக் குடியிருப்பு ஒன்றை மனதில் வைத்தே கீழே உள்ளவை எழுதப்பட்டிருக்கின்றன. மற்ற மாநகராட்சிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் மண் யாருடையது

வீடுகளை எண்ணுவதற்கு முன் நிலத்தைப் பாருங்கள். பல ஏரியாக்களில் "இது கவர்ன்மென்ட் நிலம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அரசு நிலம் என்பது ஒரே வகை அல்ல. சாதாரணப் புறம்போக்கு, நீர்நிலைப் புறம்போக்கு, சாலைப் புறம்போக்கு, வாரியத்துக்கு மாற்றப்பட்ட நிலம், ரயில்வே நிலம், துறைமுக நிலம், அறநிலையத் துறைக்கு உட்பட்ட கோயில் நிலம் எல்லாமே அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய அலுவலகம் வேறு, கிடைக்கக்கூடியதும் வேறு.

நகரத்துக்குள் டவுன் சர்வே எண், பிளாக் எண் இரண்டும் தெரிந்தால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை அரசின் இணைய நிலப் பதிவேட்டுச் சேவையில் பார்க்கலாம். எண் தெரியாவிட்டால் பக்கத்தில் பத்திரம் வைத்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். எல்லை எண்கள் அதில் இருக்கும். ஒரே குடியிருப்பு மூன்று சர்வே எண்களில் பரவியிருப்பது சாதாரணம். முன்வரிசை சாதாரணப் புறம்போக்கிலும் பின்வரிசை கால்வாயிலும் இருக்கும். இது தெரியாமல் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனு போட்டால், பின்வரிசையைக் காட்டி முன்வரிசைக்கும் மறுத்துவிடுவார்கள்.

அதிகாரிகள் பேச்சில் அடிக்கடி வரும் இரண்டு சொற்கள்: ஆட்சேபணை உள்ள புறம்போக்கு, ஆட்சேபணையற்ற புறம்போக்கு. நீர்நிலை, சாலை போன்றவை முதல் வகை. அங்கே பட்டா கேட்பது வீண். இரண்டாம் வகை என்றால் பட்டாவுக்கு வழி உண்டு. சென்னையைச் சுற்றிய 'பெல்ட் ஏரியா'வில் நெடுங்காலம் இருந்த தடையைத் தளர்த்தி, ஆட்சேபணையற்ற புறம்போக்கில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்க 2025 பிப்ரவரியில் தமிழக அமைச்சரவை முடிவெடுத்தது. மாநிலம் முழுக்க சுமார் 86,000 பேர் என்று அப்போது அறிவித்தார்கள். உங்கள் நிலம் எந்த வகை என்று தெரியாமல் இந்த வரிசையில் போய் நிற்க முடியாது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 1971-ஆம் ஆண்டு குடிசைப் பகுதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் சென்னையில் 1,202 பகுதிகள் குடிசைப் பகுதிகளாக அந்த ஆண்டே அறிவிக்கப்பட்டன. 1985-இல் மேலும் 17. அதற்குப் பிறகு இங்கே அறிவிப்பே இல்லை. உங்கள் பகுதி அந்த 1,219-இல் ஒன்றாக இருந்தால், அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டிப் பேசலாம். பழைய பெயரில் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஏரியாவின் பெயர் தலைவர்கள் பெயருக்கு மாறியிருக்கும், அறிவிக்கையில் பழைய குப்பத்துப் பெயரே இருக்கும்.

எண் போடுதல்

கணக்கெடுப்பில் பாதி வேலை எண் போடுவதுதான். மாநகராட்சிக் கதவு எண்ணை நம்பி வேலை செய்ய முடியாது. பழைய எண், புதிய எண், எண்ணே இல்லாத வீடு, ஒரே எண்ணில் நான்கு வீடு என்று கிடக்கும். அந்த எண்ணைப் படிவத்தில் குறித்துக்கொண்டு, கணக்கெடுப்புக்கென்று தனி எண் கொடுங்கள்.

சந்துகளுக்கு அ, ஆ, இ என்று எழுத்து. சந்து வாசலில் நின்று வலக்கைப் பக்கமாகவே எண்ணிக்கொண்டு போய், கடைசியில் திரும்பி அந்தப் பக்கத்தை எண்ணிக்கொண்டு வாருங்கள். பூட்டிய வீட்டுக்கும் எண் உண்டு. இடிந்து கிடக்கும் வீட்டுக்கும் உண்டு. தீப்பிடித்தோ மழையில் விழுந்தோ ஆள் வெளியே போயிருந்தால் அவர் உரிமை போய்விடவில்லை. மாடிக்கு 14/மாடி. ஒரே வாசலுக்குள் இரண்டு குடும்பம் என்றால் 14/அ, 14/ஆ.

எது தனிக் குடும்பம் என்பதில்தான் சண்டை வரும். இதற்குப் பழைய அளவுகோல் ஒன்றே போதும்: உலை தனியா? அரிசி தனியாகப் பொங்கினால் தனிக் குடும்பம். ரேஷன் கார்டு ஒன்றாக இருந்தாலும் சரி. விதியை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு, பிறகு யாருக்காகவும் மாற்றாதீர்கள்.

எண்ணைச் சாக்பீசில் எழுதினால் அடுத்த மழையில் போய்விடும். எனாமல் பெயின்ட் கால் லிட்டர், கருநீலம், 250 வீட்டுக்குத் தாராளமாகப் போதும். எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டுமானால் பழைய எக்ஸ்ரே தகட்டில் மூன்று அங்குல உயரத்துக்கு 0 முதல் 9 வரை வெட்டிக்கொள்ளுங்கள். 0, 4, 6, 8, 9 வெட்டும்போது நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரு நூலளவு ஒட்டு விட்டு வெட்ட வேண்டும். பெயின்டைத் தோய்த்த தூரிகையை இழுக்காமல் ஒற்றி எடுங்கள், இழுத்தால் தகட்டுக்கு அடியில் வழியும். கதவில் எழுதாதீர்கள், கதவு மாறும். தகரமோ தார்ப்பாயோ மட்டும் இருக்கும் வீடும் உண்டு. நிலைக்கட்டையில் அல்லது வாசல் பக்கத்துச் சுவரில், கண் மட்டத்துக்கு.

படிவமும் அணியும்

மூன்று பேர் ஓர் அணி: ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் அளந்து படமெடுப்பார். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். மாலை ஏழு முதல் ஒன்பது வரை என்றால் எட்டு வீடு. மூன்று அணி இருந்தால் நாளைக்கு 24, ஆக 240 வீட்டை முடிக்கப் பத்து மாலைகள். பகலில் போகாதீர்கள், வீட்டுவேலைக்குப் போகும் பெண்களும் மீன் விற்கப் போனவர்களும் இருக்கமாட்டார்கள், இருப்பவர்கள் சொல்வது அரைகுறையாகவே இருக்கும். ஆடி மாதத் திருவிழா வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கணக்கில் ஏறிவிடுவார்கள்.

அணியில் ஒருவர் அந்தச் சந்துக்காரர், மற்ற இருவர் வேறு சந்து. மூவரும் அதே சந்து என்றால் வேண்டியவர், வேண்டாதவர் பார்ப்பார்கள். மூவரும் வெளியாள் என்றால் கதவே திறக்காது. ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்கட்டும். கணவன் விட்டுப்போன விவரத்தை ஆண்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள். வீட்டு ஒதுக்கீட்டில் அந்த விவரம் மிக முக்கியம்.

படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எண், குடும்பத் தலைவி பெயர், தலைவர் பெயர், எல்லா உறுப்பினர் வயது, ரேஷன் கார்டு எண், மின் இணைப்பு எண், வாக்காளர் அட்டை எண், குடிவந்த வருடம், அதற்கு என்ன ஆதாரம், சொந்தமா வாடகையா, வீட்டின் நீள அகலம், என்ன வேலை, எங்கே வேலை, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, சாதிச் சான்றிதழ் உண்டா, மாற்றுத்திறனாளி, டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சையில் உள்ளவர், முதியோர் உதவித்தொகை. ஆதாருக்குக் கடைசி நான்கு எண் போதும். முழு எண்ணும் கைரேகையும் நாம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை, வைத்திருப்பது ஆபத்து.

வேலை எங்கே என்று எழுதுவது வெறும் தகவலுக்காக அல்ல. நகரின் தென்கோடியில் வாரியம் கட்டிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளான பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ போகச் சொன்னால், "எங்களில் 130 பேர் மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் வீட்டுவேலை செய்கிறோம், காலை ஆறரைக்குப் போய் நிற்க வேண்டும்" என்று எண்ணோடு சொல்லலாம். "தூரமா இருக்கு சார்" என்பதற்கு இல்லாத எடை அதற்கு உண்டு.

ஆதாரத்தில் எது பழசோ அதைத் தேடுங்கள். இப்போதைய ஆதார் அட்டை குடியிருப்பின் வயதைக் காட்டாது. பழைய காகித ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், மின்வாரிய வெள்ளை அட்டை, வெள்ள நிவாரண ரசீது இவையெல்லாம் பெட்டிக்கு அடியில் கிடக்கும். 1977-க்குப் பிறகு உலக வங்கிக் கடனில் நடந்த மேம்பாட்டுத் திட்டங்களில் வந்த பகுதி என்றால், வாரிய ஒதுக்கீட்டு ஆணையும் தவணை கட்டிய ரசீதும் இருக்கலாம். தவணை முழுக்கக் கட்டியும் விற்பனைப் பத்திரம் வராத குடும்பங்கள் நகரத்தில் ஏராளம். நிலம் வருவாய்த் துறையிலிருந்தோ கோயிலிலிருந்தோ வாரியத்துக்கு முறைப்படி மாறாததே பெரும்பாலும் காரணம். அவர்கள் கேட்க வேண்டியது புது வீடு அல்ல, பத்திரம். அவர்களைத் தனிப் பட்டியலாகப் பிரித்து வையுங்கள்.

படம் இரண்டு எடுங்கள். எண் தெரிய வீட்டு வாசலில் குடும்பம் முழுவதும் நிற்கும் படம் ஒன்று, உள்ளே அடுப்பு தெரியும் படம் ஒன்று. இரண்டாவது எதற்கு என்று பலர் கேட்பார்கள். ஒரு வாசல், இரண்டு உலை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எங்கே கெட்டுப்போகும்

வாடகைக்காரரை எழுத விடாத வீட்டுக்காரர்: இதுதான் முதல் தகராறு. எழுதினால் தன் வீடு போய்விடும் என்ற பயம். இரண்டையும் தனிப் பத்தியில், இன்னார் வீட்டில் இன்னார் வாடகை என்று எழுதுங்கள். வாடகைக்காரரை விட்டுவிட்டால் அரசு ஆள் வரும் அன்று அவர் போய்ச் சண்டை போடுவார், இரண்டு பேர் பெயருமே சந்தேகத்தில் போகும்.

இல்லாத பெயரைச் சேர்ப்பது அதைவிட மோசம். ஊரில் இருக்கும் தம்பி, கல்யாணமாகிப் போன மகள் என்று பத்துப் பெயர் ஏறினால், சரிபார்க்க வரும் வருவாய் ஆய்வாளர் அதில் இரண்டைப் பிடித்தால் போதும், மீதி 230 பெயருக்கும் மதிப்பு போய்விடும். இரக்கத்துக்கு இடம் கொடுக்கக் கூடாத இடம் இது.

டோக்கன் வாங்கித் தருகிறேன் என்று பணம் வசூலிக்கும் ஆள் எந்த ஏரியாவிலும் முளைப்பார். பெயர் எழுத யாரிடமும் ஒரு பைசா கூட வாங்கக் கூடாது என்று தொடக்கத்திலேயே பலகையில் எழுதி வையுங்கள். படிவத்துக்கும் பெயின்டுக்கும் ஆகும் செலவைப் பொதுவில் வசூலித்து, ரசீது போட்டு, அதே பலகையில் கணக்கை ஒட்டுங்கள்.

பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தேர்தல் நேரத்தில் கட்சிக்காரர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், எந்தக் கட்சியானாலும்.

எழுதி முடித்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்து சந்தாகக் கூட்டம் போட்டுப் பட்டியலை உரக்கப் படியுங்கள். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டுவிடுபவர்களே அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் பொய் நிற்காது. திருத்தங்களைச் சிவப்பு மையில் எழுதி, படித்த ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து பேர் கையெழுத்து. ஒரு வாரம் ஆட்சேபணைக்கு விட்டு அதன்பிறகு முடியுங்கள்.

வரைபடமும் ஒரு கணக்கும்

30 மீட்டர் டேப், இரண்டு சார்ட் தாள், 1 செ.மீ.க்கு 2 மீட்டர் அளவு. சந்தின் அகலம், குழாய், கைப்பம்பு, டிரான்ஸ்ஃபார்மர், கழிப்பறை, அங்கன்வாடி, கோயில் எல்லாம் குறியுங்கள். செல்போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வெளி எல்லையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். தகரக் கூரைகளுக்கு அடியில் சந்து எப்படிப் போகிறது என்பதை அது காட்டாது.

மொத்தப் பரப்பு கைக்கு வந்ததும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். "இங்கேயே கட்ட இடமில்லை" என்பதுதான் எப்போதும் வரும் பதில். குடியிருப்பு ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம், 43,560 சதுர அடி. 240 குடும்பத்துக்குத் தலா 400 சதுர அடி என்றால் 96,000. சுவர், படிக்கட்டு, நடைவழிக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே சேர்த்தால் ஏறத்தாழ 1,30,000 சதுர அடி. நிலத்தில் பாதியில் மட்டும் கட்டினால் ஒரு தளத்துக்கு 21,780. ஆறு தளம், அதாவது தரைத்தளமும் ஐந்து மாடியும், 1,30,680. பாதி நிலம் பாதைக்கும் மரத்துக்கும் மிச்சம். சாலை அகலம், பக்க இடைவெளி விதிகளால் இது கொஞ்சம் குறையலாம். ஆனால் "இடமில்லை" என்ற பேச்சை "எத்தனை மாடி" என்ற பேச்சாக மாற்ற இந்தக் கணக்கு போதும். நீர்நிலைப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு இது உதவாது. அவர்கள் மூன்று, நான்கு கிலோமீட்டருக்குள் வாரியத்திடமோ மாநகராட்சியிடமோ காலியாகக் கிடக்கும் நிலத்தைத் தேடிக் காட்ட வேண்டும்.

ஆறு தளம் கேட்கும்போதே லிஃப்டையும் அதன் பராமரிப்பையும் சேர்த்துப் பேசுங்கள். லிஃப்ட் நின்றுபோன உயரமான கட்டடத்தில் தண்ணீர்க் குடம் ஏற்றுவது யார் தலையில் விழும் என்று பெண்களுக்குத் தெரியும்.

சங்கமும் சேமிப்பும்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகம். பதிவைவிடப் பிறகு வருவதுதான் சிரமம்: ஆண்டுப் பேரவை, வரவுசெலவு, நிர்வாகிகள் பட்டியல் இவற்றை ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று வருடம் மறந்துவிட்டு, அவசரத்துக்குப் போய் நிற்கும்போது சங்கம் செயலில் இல்லை என்பார்கள்.

சேமிப்பு கட்டாயம். பயனாளி பங்குத்தொகை என்று புது வாரிய வீடுகளுக்கு லட்சக் கணக்கில் கேட்பதுண்டு. நாளைக்கு 20 ரூபாய் என்றால் வருடத்துக்கு ஒரு குடும்பம் 7,300. நான்கு வருடத்தில் 29,200. பங்குத்தொகைக்கு அது போதாதுதான். ஆனால் வங்கிக் கடன் கேட்கும்போது காட்ட ஒழுங்கான பாஸ்புக் இருக்கும், மீட்டர்வட்டிக்குப் போக வேண்டியதில்லை. பணம் யார் வீட்டிலும் ஓர் இரவு கூடத் தங்கக் கூடாது. கணக்கு மூன்று பெண்கள் பெயரில், எந்த இருவர் கையெழுத்தும் செல்லும்படி.

எழுதிக் கேட்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். பதிலுக்கு 30 நாள். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அதிலும் தீரவில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. "ஏன் எங்களுக்கு வீடு தரவில்லை" என்று கேட்டால் பதில் வராது. ஏன் என்பது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். இப்படி:

"டவுன் சர்வே எண் இன்னது, பிளாக் எண் இன்னது உள்ள நிலத்தின் வகைப்பாட்டைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல் தருக. இந்தப் பகுதி 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கப்பட்டிருந்தால் அந்த அரசிதழ் அறிவிக்கையின் நகல் தருக. இந்தப் பகுதியில் கடைசியாக எடுக்கப்பட்ட பயனாளிகள் கணக்கெடுப்பின் தேதி, மொத்தக் குடும்ப எண்ணிக்கை தருக. இந்தப் பகுதி மக்களுக்கென ஒப்புதல் பெற்ற திட்ட அறிக்கையின் நகல் தருக."

ஒரே மனுவில் இவற்றுக்கு மேல் வேண்டாம். நில விவரம் தாசில்தாருக்கும் மற்றவை வாரியத்துக்குமாக இரண்டு மனுவாகப் பிரித்துப் போட்டால் அலைச்சல் குறையும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை நம்பி இருந்தால் மாதங்கள் ஓடும்.

பட்டியலைக் கொடுக்க வேண்டிய இடங்கள்: காமராஜர் சாலையில் உள்ள வாரியத் தலைமையகம், பகுதி எஸ்டேட் அலுவலர், ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மண்டல அலுவலகம், வார்டு கவுன்சிலர். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். எங்கே கொடுத்தாலும் நம் நகலில் தேதியோடு 'பெறப்பட்டது' முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். முழுப் படிவங்களையும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். எண், தலைவி பெயர், உறுப்பினர் எண்ணிக்கை, சொந்தம் அல்லது வாடகை என்ற நான்கு பத்திச் சுருக்கம் போதும்.

2022 நவம்பர் 1 முதல் மாநகராட்சிகளில், வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் பகுதி சபை நடக்கிறது. அங்கே போய் "எங்கள் பகுதியில் இத்தனை குடும்பம், இந்தப் பட்டியல் இன்ன தேதியில் கொடுக்கப்பட்டது" என்ற ஒற்றை வரியைத் தீர்மானக் குறிப்பில் ஏற்ற முடிந்தால் போதும். குழாய், சாக்கடைப் புகார்களோடு கலந்துவிட்டால் அது காணாமல் போகும்.

என்ன கேட்பது

நிலம் உங்கள் பெயரில் இருந்தாலோ பட்டா கிடைத்தாலோ பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் தானே கட்டிக்கொள்ளும் வகைக்கு விண்ணப்பிக்கலாம். 2024-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் கெட்டி வீடு இருக்கக் கூடாது, மத்திய அரசின் பங்கு 1.50 லட்சம், மாநிலப் பங்கு தனி. ஏமாறும் இடம் இது: பணம் முதலில் வராது. வேலை ஒவ்வொரு கட்டம் முடிந்து படமெடுத்துப் பதிந்த பிறகே தவணை வரும். 30 சதுர மீட்டர் என்பது சுமார் 323 சதுர அடி; சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 6.46 லட்சம். அடித்தளம் போடக் கையில் பணம் இல்லாமல் பழைய வீட்டை இடித்துவிடாதீர்கள். பாதியில் நிற்கும் தூண்களை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

பழைய வாரியக் கட்டடத்தில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் சரிந்து விழுந்தது. சற்று முன்பே எல்லோரும் வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். விரிசலில் சுவர்மீது ஒரு கண்ணாடிப் பட்டையைச் சிமெண்டில் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கட்டடம் நகர்ந்தால் கண்ணாடி உடையும். படத்தோடு வாரியத்துக்கு எழுதுங்கள். இடித்துக் கட்ட ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: பழைய குடியிருப்போர் பட்டியல், ஆளுக்கொரு திரும்பி வரும் உத்தரவாதக் கடிதம், புது வீட்டின் அளவு, பங்குத்தொகை எவ்வளவு, எத்தனை மாதம், இடைக்காலத்துக்கு என்ன. 8,000 ரூபாயாக இருந்த இடைக்காலக் கருணைத்தொகை 2021-இல் 24,000 ஆக்கப்பட்டது. அது மாத வாடகை அல்ல, ஒரே முறை தரும் தொகை. நகருக்குள் ஒன்றரை வருட வாடகைக்கு அது எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

இடம் மாறியே ஆக வேண்டும் என்றால் நிபந்தனையோடு மாறுங்கள். கல்வியாண்டு நடுவில் அல்ல. பள்ளி இடம், ரேஷன் கடை மாற்றம், முதியோர் உதவித்தொகை மாற்றம் மூன்றையும் இங்கேயே முகாம் வைத்து முடித்த பிறகு. மாவட்டம் மாறினால் உதவித்தொகை மாதக் கணக்கில் நின்றுவிடும், தாசில்தார் மாறுவதால். ஒரே சந்துக்காரர்களுக்கு ஒரே பிளாக் கேளுங்கள். குலுக்கலில் தனி ஆளாகச் சிதறிப்போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்கா இருக்கமாட்டார். முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் தரைத்தளம். நம் படிவத்தில் அந்தப் பத்தி வைத்தது இதற்குத்தான்.

நோட்டீஸ் வந்துவிட்டால்

1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7-ஆம் பிரிவு நோட்டீஸ் முதலில் வரும், அது காரணம் கேட்பது. 6-ஆம் பிரிவு நோட்டீஸ் பிறகு வரும், அது காலி செய்யச் சொல்வது. எண் தலைகீழாக இருப்பதால் பலர் முதலாவதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். 7-க்குப் பதில் எழுதாமல் விட்டால் பிறகு பேச இடம் குறைவு. கவரையும் சேர்த்து வையுங்கள், வந்த தேதி முக்கியம். ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பதில் எழுதி, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடிப்புக்கு முன் 15 நாள் நோட்டீஸ் கட்டாயம் என்றது. சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானத்துக்கு அது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆற்றோரம் இருப்பவர்கள் அதை நம்பி உட்கார வேண்டாம். மறுவாழ்வு கேட்டு உடனே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். உதவி எண் 15100.

அரசு ஆட்கள் கணக்கெடுக்க வரும் அன்று வேலைக்குப் போகாமல் நான்கு பேர் நம் பட்டியலோடு கூடவே நடங்கள். அவர்கள் எழுதும் ஒவ்வொரு வீட்டுக்கும் டிக். மாலையில் டிக் இல்லாத எண்களை அன்றைக்கே மனுவாக எழுதி, வாசல் படத்தோடு அதே குழுத் தலைவர் கையில் கொடுங்கள்.

பெட்டியில் வைப்பது

மூன்று நகல். ஒன்று சங்கத்தில், ஒன்று வேறு ஏரியாவில் நம்பிக்கையானவர் வீட்டில், ஒன்று ஸ்கேன் செய்து பென்டிரைவில். 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் வீட்டோடு ஆவணங்களையும் இழந்தன. பிறகு குடியிருந்ததை நிரூபிப்பதே பெரும்பாடு. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, பரண்மேல்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் புதுப்பித்துவிடலாம். பிறப்பு, இறப்பு, வந்தவர், போனவர் மட்டும். பழைய வரியை அழிக்காமல் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கல்யாணமாகித் தனி உலை வைத்தவர்களுக்கு நிலைக்கட்டையில் புதிதாக 14/ஆ எழுத அந்தப் பழைய எக்ஸ்ரே தகடு வேண்டும், அதையும் அதே டப்பாவில் போட்டு வையுங்கள்.